லண்டன் பின்வளவுக்கு நான்கு அபூர்வக் கிழங்குகள்: கறிச்சட்டியில் எது நிற்கும்?

கடையில் மலிவாகக் கிடைக்கிற உருளைக்கிழங்கை வீட்டுக்குப் பின்னால் எதற்கு நட வேண்டும் என்று முதல் வருடம் என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். சாதாரண வெள்ளைக் கிழங்கை நட்டால் லாபமும் இல்லை, புதுமையும் இல்லை. பின்வளவில் இருக்கிற கொஞ்ச இடத்தை ஒதுக்குவதானால், கடையில் லேசில் அகப்படாத இனத்தைத்தான் நட வேண்டும். அப்படி ஐந்து வருடமாக மாறி மாறி நட்டுப் பார்த்தவை நான்கு: பிங்க் ஃபர் ஆப்பிள், மாயன் கோல்ட், சலட் புளூ, சார்போ மீரா.

விதைக்கிழங்கு விற்பவர்கள் நிறத்தைப் பற்றியும் சலட்டைப் பற்றியும் நிறையச் சொல்வார்கள். நமக்குத் தெரிய வேண்டியது வேறு. பிரட்டலில் உடையுமா, சொதிக்குள் போட்டால் என்ன ஆகும், ரோல்ஸுக்குள் வைக்க மசியுமா, ஓகஸ்ட் மழையைச் செடி தாங்குமா?

பிங்க் ஃபர் ஆப்பிளில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். 1850 அளவில் இருந்தே தெரிந்த பழைய இனம். இளஞ்சிவப்புத் தோல், உள்ளே மஞ்சள் சதை, விரல் நீளத்தில் முடிச்சு முடிச்சாக, மண்ணிலிருந்து இஞ்சியைக் கிண்டி எடுத்தது போல இருக்கும். தோலைச் சீவப் போகாதீர்கள், சதையில் பாதி போய்விடும். பிரஷால் தேய்த்துக் கழுவி முழுதாக அவித்து, வேண்டுமென்றால் சூட்டோடு உரித்தால் போதும். எவ்வளவு அவித்தாலும் மாவாகாமல் இறுக்கமாக நிற்கும். பிரட்டலுக்கு இதைவிட நல்ல கிழங்கை நான் இந்த நாட்டில் சாப்பிட்டதில்லை. துண்டுகளின் முனைகூட மழுங்காது, கறித்தூள் வெளியே பிடித்து நிற்கும், உள்ளே அவித்த கச்சான் போல மெல்லிய சுவை. அடுத்த நாள் காலை பாணோடு சாப்பிட்டால் இன்னும் நல்லது. ஆனால் ரோல்ஸுக்கு இதை மசிக்க முயன்றால் பசை மாதிரி ஆகிவிடும்.

மாயன் கோல்ட் இதற்கு நேர் எதிர். அந்தீஸ் மலைகளின் ஃபுரேஜா என்ற கிழங்கு வகையிலிருந்து, ஸ்கொட்லாந்தில் டண்டிக்கு அருகே இருந்த பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கிய இனம் அது. (மாயா மக்கள் வாழ்ந்தது மெக்சிக்கோ, குவாத்தமாலாப் பக்கம். இந்தக் கிழங்கைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றியவர்கள் அந்தீஸ் மலை விவசாயிகள். பெயர் அவர்களுக்குப் போயிருக்கலாம் என்று எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றும்.) உள்ளே முட்டை மஞ்சட்கரு நிறம். கொதிநீரில் போட்டுவிட்டு அந்தப் பக்கம் போனால் திரும்பி வருவதற்குள் கரைந்துவிடும். முதல் தடவை எனக்கு ஒரு சட்டி கிழங்கு அப்படித்தான் போனது. அப்புறம்தான் தெரிந்தது, கொலம்பியாவில் இதே வகைக் கிழங்கை அஹியாகோ என்ற சூப்பில் போடுவதே அது கரைந்து சூப்பைத் தடிப்பாக்கத்தான் என்று. அன்றிலிருந்து சொதி கொதிக்கும்போது சின்னதாக ஒன்றைச் சீவிப் போடுகிறேன். தேங்காய்ப்பாலோடு சேர்ந்து சொதி அழகாகத் தடிக்கும். ஆவியில் அவித்து மசித்தால் ரோல்ஸுக்கும் கட்லற்றுக்கும் அருமை. பொரித்தால் அதைவிட அருமை.

அதன் குறை சேமிப்பு. மற்றக் கிழங்குகள் தோண்டிய பிறகு சில மாதம் உறங்கும், அப்புறம்தான் முளைக்கும். ஃபுரேஜா வகைக்கு அந்த உறக்கமே அனேகமாக இல்லை. ஆகவே தோண்டத் தோண்டச் சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் அயலவர்களுக்குக் கொடுக்க வேண்டும்.

சலட் புளூ பற்றி நீட்டிச் சொல்ல அதிகம் இல்லை. தோலும் சதையும் நீலம், பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். பெயரில் சலட் இருந்தாலும் இது மாக்கிழங்கு, சலட்டுக்குச் சரிவராது. நீலத்துக்குக் காரணம் அந்தோசயனின் என்ற நிறமி. அது புளியோ தேசிக்காயோ பட்டால் சிவப்புப் பக்கம் திரும்பும். மஞ்சள் போட்ட பால்கறியில் இதைப் போட்டபோது முழுச் சட்டியும் சாம்பல் நிறமாகி, வீட்டில் ஒருவரும் தொடவில்லை. மெல்லியதாக வெட்டிப் பொரித்தால் மட்டும் நிறம் அப்படியே நிற்கும். ஒரு பையில் நடலாம், அதற்கு மேல் வேண்டாம்.

இனி நோய்க்கு வருவோம், உண்மையான போட்டி அங்கேதான். யாழ்ப்பாணத்தில் மார்கழி, தை மாதக் குளிரை நம்பித்தான் கிழங்கு வைப்பார்கள். இரவு சூடாக இருந்தால் செடி வளரும், கிழங்கு இறங்காது. லண்டனில் கோடையிலும் பெரும்பாலும் இரவு குளிர்ந்துதான் இருக்கும், அதனால் கிழங்கு நன்றாக இறங்கும். ஆனால் மழையும் புழுக்கமும் சேர்ந்தால் பிளைட் எனப்படும் கருகல் நோய் வந்துவிடும். இரண்டு நாள் தொடர்ந்து வெப்பநிலை 10 பாகைக்குக் கீழே இறங்காமல், ஒவ்வொரு நாளும் குறைந்தது 6 மணிநேரமாவது ஈரப்பதன் 90 வீதமோ அதற்கு மேலோ இருந்தால் ஆபத்து என்பது இங்குள்ள கணக்கு. இலையில் பழுப்புத் திட்டு, அதன் அடியில் வெள்ளைப் பூஞ்சணம் போல ஒன்று, சில நாளில் செடி முழுவதும் கருகிவிடும். 1845 இல் அயர்லாந்தைப் பஞ்சத்தில் தள்ளியது இதே நோய்தான். அங்கே ஏழைகள் லம்பர் என்ற ஒரே இனத்தையே பெருமளவு நம்பியிருந்தார்கள், அதற்கு இதை எதிர்க்கும் சக்தி இருக்கவில்லை.

பிங்க் ஃபர் ஆப்பிளுக்கும் அந்தச் சக்தி இல்லை. அதோடு அது முற்ற 20 வாரம் அளவில் வேண்டும், அதாவது ஏப்ரலில் நட்டால் செப்டெம்பர் வரை, நோய் வருகிற காலம் முழுவதும் மண்ணில் நிற்க வேண்டும். மூன்றாம் வருடம் என் செடிகள் ஓகஸ்ட் நடுவிலேயே கருகிப் போயின. தண்டுகளைத் தரையோடு வெட்டி அகற்றிவிட்டு, இரண்டு வாரம் பொறுத்துத் தோண்டியதால் சின்னக் கிழங்குகளாவது கைக்கு வந்தன. உடனே தோண்டியிருந்தால் நோய் கிழங்கிலும் தொற்றியிருக்கும்.

அதே வருடம், அதே வளவில், ஒரு முழ தூரத்தில் நின்ற சார்போ மீரா ஒக்டோபர் வரை பச்சையாக நின்றது. ஹங்கேரியில் சார்வாரி குடும்பத்தினர் நோய் எதிர்ப்பையே நோக்கமாக வைத்து உருவாக்கிய இனம். பிறகு வட வேல்ஸில் அந்த வேலையைத் தொடர்ந்தார்கள். சிவப்புத் தோல், பெரிய கிழங்கு, இலை அடர்ந்து பரவுவதால் களையும் குறைவு. மாயன் கோல்ட் போல அவசரப்பட்டு முளைக்காது, குளிர்காலம் தாண்டியும் இருக்கும். சுவை? மற்றவைக்குப் பக்கத்தில் வைத்தால் சாதாரணம்தான். மாப்பதம் என்பதால் ரோல்ஸுக்கும் பற்றிஸுக்கும் போதும். கறியில் ஓரங்கள் உடையும், உறைப்பும் உப்பும் கூடுதலாகக் கேட்கும்.

நான்குக்கும் வேலை ஒன்றேதான். பெப்ரவரியில் முட்டை அட்டையில் வைத்து, வெளிச்சமான குளிர் இடத்தில் முளைகட்ட வேண்டும். ஏப்ரல் நடுவில் 40 லீற்றர் பைக்கு இரண்டு விதைக்கிழங்கு. மே நடுவரை உறைபனி வரலாம், இரவில் ஒரு துணியால் மூடுங்கள். செடி உயர உயர மண் அணையுங்கள், வெளிச்சம் பட்டுப் பச்சையான கிழங்கைச் சாப்பிடக் கூடாது.

தினமும் வளவுக்குப் போய் இலையைப் புரட்டிப் பார்க்க நேரம் உள்ளவர்கள் பிங்க் ஃபர் ஆப்பிளை நடுங்கள். வேலைக்கு விடிய முன் போய் இருட்டித் திரும்புகிறவர்களுக்கு சார்போ மீரா. மாயன் கோல்டை எவரும் ஒரு பையாவது வைக்கலாம். இந்த வருடம் என்னிடம் ஆறு பைகள்: மூன்று பிங்க் ஃபர் ஆப்பிள், இரண்டு சார்போ மீரா, சொதிக்கு ஒரு மாயன் கோல்ட். நீலக் கிழங்குக்கு இடம் இல்லை என்று பிள்ளைகளிடம் இன்னும் சொல்லவில்லை.