லண்டனில படிச்சுக்கொண்டு வேலை: தமிழ்க் கடையோ, கெயார் ஹோமோ?

யாழ்ப்பாணத்தில இருந்து ஸ்ருடன்ட் விசாவில போற பெடியளுக்கு முதல் கிடைக்கிறது அநேகமா ஆரோ மாமான்ர கடை, இல்லாட்டிப் பெற்றோல் ஸ்ரேசன்தான். நானும் முதல் கடையில ரில்லில நிண்டு, பிறகு வயசு போன ஆக்களைப் பராமரிக்கிற கெயார் ஹோமுக்கு மாறினனான். இப்ப ஆரும் கேட்டா கெயார் ஹோம் எண்டுதான் சொல்லுவன்.

கடை எண்டா இங்கிலிஷ் பெரிசாத் தேவையில்லை, இறங்கின கையோட வேலை, மத்தியானம் சோறும் கிடைக்கும். கெயார் ஹோம் உடம்பு முறியிற வேலை. வயசு போன ஆக்களைக் குளிக்க வாக்கோணும், உடுப்பு மாத்தோணும், விழுங்கக் கஷ்டப்படுற ஆக்களுக்குத் தேத்தண்ணியைத் தடிப்பாக்கிற பவுடர் போட்டுக் கலக்கி ஆறுதலாப் பருக்கோணும். அருவருப்புப் பாக்கிற ஆளெண்டா சரிவராது.

ஆனா எல்லாத்தையும் விடப் பெரிசு மணித்தியாலக் கணக்கு. டிகிரி, மாஸ்டர்ஸ் படிக்கிற ஆக்களுக்கு ரேர்ம் நேரம், அதாவது படிப்பு நடக்கிற காலம், கிழமைக்கு 20 மணித்தியாலம்தான். அதுவும் திங்கள் தொடங்கி ஞாயிறு மட்டும், போன கிழமை 10 தானே இந்தக் கிழமை 30 செய்வம் எண்டு சமப்படுத்தேலாது, ரெண்டு இடத்தில செய்தா ரெண்டையும் கூட்டித்தான் பாப்பினம். மாஸ்டர்ஸ்காரருக்கு சமரில டிசர்ட்டேசன் எண்ட ஆய்வுக் கட்டுரை எழுதுற காலமும் ரேர்ம்தான். கடையில "தம்பி, இண்டைக்கு ஆள் வரேல்ல, பூட்டுமட்டும் நில்லன்" எண்டு கேட்டா சொந்தக்காரருக்கு எப்பிடி மாட்டன் எண்டுறது? 2025 ஏப்ரலில 21 வயசும் அதுக்கு மேலயும் உள்ள ஆக்களுக்குச் சட்டப்படி மணித்தியாலத்துக்கு 12.21 பவுண்ஸ் ஆக்கினவை, கைக்காசு எண்டா அதைக் கேக்கக் கையில ஒரு துண்டும் இருக்காது. கெயார் ஹோமில ரோட்டா, ஆருக்கு எப்ப வேலை எண்ட அட்டவணை, முதலே வரும், விசாவைக் காட்டினாப்பிறகு எங்கட மனேச்சர் 20-க்கு மேல போட்டதே இல்லை, பேஸ்லிப் எண்ட சம்பளத் துண்டில மணித்தியாலம், சம்பளம், லீவுக்காசு எல்லாம் இருக்கும். பிறகு விசா மாத்தேக்க ஒரு கேள்வி வந்தா காட்ட அது கையில இருக்கோணும். பேஸ்லிப் தந்து ஒழுங்கா நடத்துற தமிழ்க் கடைக்காரரும் இருக்கினம், அப்பிடி ஆக்கள் கிடைச்சா கடையும் நல்லதுதான்.

வெயர்ஹவுசுக்கு நான் கொஞ்ச நாள்தான் போனது, நடுச்சாமத்தில பஸ் பிடிக்கிறதே பெரும்பாடு, அதுக்கு மேல தீர்ப்புச் சொல்ல எனக்கு அனுபவம் காணாது. மற்ற ஆக்கள்ர அக்கவுண்டில சாப்பாடு டெலிவரி ஓடுறது வேண்டவே வேண்டாம், ஸ்ருடன்ட் விசாவில சுயதொழில் செய்யேலாது.

அந்த 12.21 ரேட்டுக்கு 20 மணித்தியாலமும் செய்தாலும் கிழமைக்கு 244 பவுண்ஸ்தான். அறை வாடகை, சாப்பாடு, பஸ்ஸோட சரி. அங்க உழைச்சுப் பீஸ் கட்டலாம் எண்டு இஞ்ச ஆரும் சொன்னா, நம்பி அம்மான்ர நகையை அடகு வையாதேங்கோ.

கெயார் ஹோமில ஒரு கரைச்சல், குற்றப் பதிவு இருக்கோ எண்டு பாக்கிற டிபிஎஸ் செக், எங்களைத் தெரிஞ்ச ஆக்களிட்ட விசாரிக்கிற ரெஃபரன்ஸ் எல்லாம் கிழமைக் கணக்கில இழுபடும், அதுவரைக்கும் சாப்பிடக் காசு வேணும். இலங்கைப் பொலிஸ் கிளியரன்ஸும் கேக்கக்கூடும், அதைப் போக முதலே எடுத்து வையுங்கோ, படிப்பிச்ச சேரிட்டயோ வேலை செய்த இடத்திலயோ அவையின்ர ஈமெயில் விலாசம் போட்ட ரெஃபரன்ஸ் கடிதம் ஒண்டும் வாங்குங்கோ.