ஃபியோ கே7: ஹெட்செட்டோடு பூட்டிப் பார்த்த கதை

ஃபியோ கே7 என்பது கம்ப்யூட்டர் சத்தத்தை ஹெட்ஃபோனுக்கு மாற்றிப் பெருக்கித் தரும் ஒரு பெட்டி (அம்ப்). அதை வாங்கும் யோசனை இருந்தால் முதலில் அதன் முகப்பைக் கவனியுங்கள். 6.35 மி.மீ. துளை ஒன்று, 4.4 மி.மீ. பேலன்ஸ்ட் துளை (இரண்டு காதுக்கும் தனித்தனி ஜோடி வயர்) ஒன்று, சத்தத்துக்கு ஒரு குமிழ். மைக் செருக இடமே கிடையாது. 2022இல் வந்த இந்த அம்ப், ஹெட்ஃபோன்காரர்களுக்காகச் செய்தது. என்னிடம் இருப்பதோ 65 ஓம் (மின்தடை அளவு) கேமிங் ஹெட்செட். இரவில் ஏ.எல். பிள்ளைகளுக்கு சூமில் இணைந்த கணிதம் படிப்பிக்கிறேன். வெள்ளவத்தையில் காலி வீதியைப் பார்த்த அறை; பஸ் ஹோர்ன் ஓயாது. காதை மூடுகிற ஹெட்செட்டும் வாய்க்குக் கிட்ட மைக்கும் இல்லாமல் சரிவராது.

ஹெட்செட் பிளக்கில் நாலு பகுதி: நுனியில் இடது காது, அடுத்து வலது காது, பிறகு கிரவுண்ட் (எல்லாவற்றுக்கும் பொதுவாக மின்சாரம் திரும்பும் வழி), அடியில் மைக். அதை அப்படியே 6.35 அடப்டரில் போட்டு அம்பில் செருகினால் கிரவுண்ட் சரியாகப் படாமல் போகலாம். அப்போது பாட்டில் பாடகரைக் காணோம், பின்னணி எதிரொலி மட்டும் மிஞ்சும்! அதனால் காதையும் மைக்கையும் இரண்டு பிளக்காகப் பிரிக்கும் Y ஸ்ப்ளிட்டர் கட்டாயம். காதுக்கான பச்சை பிளக் அடப்டரோடு அம்புக்கு, மைக்குக்கான பிங்க் பிளக் கம்ப்யூட்டர் மதர்போர்டின் மைக் துளைக்கு. மைக்குக்கு வேண்டிய சிறு வோல்டேஜ் அங்கிருந்துதான் வருகிறது. 4.4 துளை பக்கம் போகவே வேண்டாம்: ஹெட்செட்டில் இரண்டு காதுக்கும் கிரவுண்ட் ஒன்றே, பேலன்ஸ்ட் வெளியீட்டின் இரண்டு நெகட்டிவும் ஒன்றோடொன்று ஷோர்ட் ஆகும்.

யூஎஸ்பியில் இணைத்ததும் சத்தம் அருமை. ஆனால் பிங்க் பிளக்கைச் செருகிய கணமே காதில் மெல்லிய கீச்சு. மவுஸை அசைத்தால் அதுவும் அசைகிறது. பிளக்கைக் கழற்றினால் நின்றுவிடும். காரணம் அம்ப் இல்லை. யூஎஸ்பி வழியாக ஒரு கிரவுண்ட், மைக் வழியாக இன்னொன்று; இரண்டும் ஹெட்செட் வயரில் சந்தித்து வளையம் போட்டுவிடுகின்றன. கம்ப்யூட்டரின் உள் இரைச்சல் அந்த வளையத்தில் சுற்றுகிறது.

கே7 இன் பெறுமதி எனக்குத் தெரிந்தது இங்கேதான். பின்னால் கோஆக்சியல், ஆர்சிஏ தவிர ஒப்டிகல் உள்ளீடும் உண்டு. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஒரு ஒப்டிகல் வயர் வாங்கி வந்து யூஎஸ்பியைக் கழற்றினேன். அந்த வயரில் போவது வெளிச்சம் மட்டும், செம்பு கிடையாது. வளையம் அறுந்தது, கீச்சும் போயிற்று. விண்டோஸில் அவுட்புட்டை டிஜிட்டல் என்றும் இன்புட்டை மைக் என்றும் மாற்றிவிட்டால் வேலை முடிந்தது. குமிழைச் சுற்றிய விளக்கு நீலமாக எரியும். சத்தத்தின் சாம்பிள் ரேட் 48 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் போனால் மஞ்சள். பிள்ளைகளுக்கு அது தெரியாது, எனக்குப் பிடித்திருக்கிறது.

ஒரு குறை மிச்சம். அது ஹெட்செட்டினுடையது. ஸ்ப்ளிட்டர் வரை மைக்கும் காதும் ஒரே கிரவுண்ட் வயரில் வருவதால், குமிழைத் தாராளமாகத் திருப்பினால் காதில் போவது கொஞ்சம் மைக்கிலும் கசியும். “சேர், நாங்கள் கதைக்கிறது எங்களுக்கே திரும்பிக் கேட்குது” என்றார்கள். லோ கெயினில் (பெருக்கம் குறைந்த நிலையில்) கால்வாசிக்கு மேல் நான் திருப்புவதில்லை. முழுதாக ஒழிய வேண்டுமென்றால் மைக்கைத் தனியாக வைக்கத்தான் வேண்டும்.

சத்தம் போதவில்லை என்பதற்காக மட்டும் இதை வாங்காதீர்கள். 32 ஓமில் 6.35 துளையிலேயே 1220 மில்லிவாட் தருகிறது. என் ஹெட்செட்டுக்கு அதில் சொட்டுப் போதும். நண்பரின் 300 ஓம் சென்ஹைசர் எச்டி 600 ஐச் செருகியபோதுதான் இந்தப் பெட்டிக்கு வேலை வந்தது: கித்தார் நரம்பில் விரல் உரசுவது வரை கேட்டது. சும்மா சூமுக்கும் கேமுக்கும் என்றால் அந்தக் காசில் நல்ல யூஎஸ்பி மைக் ஒன்று எடுக்கலாம். எப்படியும் வாங்குவதென்றால், உங்கள் மதர்போர்டின் பின்னால் ஒப்டிகல் துளை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள். மலிவு போர்டுகள் பலவற்றில் அது இருக்காது.