ஆங்கிலத்துக்குப் பிறகு எந்த மொழி: இருபது ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

தமிழ்வழியில் பள்ளிப் படிப்பையும் அதன்பின் டிப்ளமோவையும் முடித்து, 2004இல் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் நான் சேர்ந்தபோது, என்னிடம் இருந்த ஆங்கிலம் தேர்வுத்தாளில் எழுத மட்டுமே பழகிய ஆங்கிலம். அன்று முதல் ஆங்கிலத்தை வேலைக்குப் போதுமான அளவு வசப்படுத்திக்கொண்டேன். பிரெஞ்சை ஆறு மாதம் படித்து விட்டுவிட்டேன். ஜெர்மனில் ஏ2 (ஐரோப்பிய அளவுகோலின் ஆறு நிலைகளில் கீழிருந்து இரண்டாவது), ஜப்பானியத்தில் என்3 (ஐந்து நிலைகளில் நடுவிலுள்ளது) வரை சென்றேன். செலவிட்ட பணத்துக்கும் மாலை நேரங்களுக்கும் எது ஈடுகொடுத்தது என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

முப்பது நாளில் ஆங்கிலம் பேச வைப்பதாகச் சொன்ன வகுப்பு ஒன்றில் முதலில் பணம் கட்டினேன். அங்கே மனப்பாடம் செய்த சுய அறிமுகத்தை இன்றுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. உண்மையில் கைகொடுத்தது, இரவு ஷிஃப்ட் முடிவில் நாள்தோறும் எழுத வேண்டியிருந்த அரைப் பக்க அறிக்கைதான். என் மேலாளர் அதைச் சிவப்புப் பேனாவால் திருத்தித் திருப்பித் தருவார். அதே பிழையை மூன்றாம் முறை செய்தால் முழு அறிக்கையையும் மீண்டும் எழுதச் சொல்வார். எழுத்தில் தமிழ் எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்பது அப்போதுதான் புலப்பட்டது. 'நேற்றுதான் அனுப்பினோம்' என்பதில் உள்ள 'தான்', 'எஸ்டர்டே ஒன்லி' என்று வந்து நிற்கும். கேள்வி கேட்க வேண்டிய இடத்தில் 'ஐ ஹேவ் எ டவுட்' என்று எழுதியதை, தன் வரைபடத்தின் மீதே நான் சந்தேகப்படுவதாக வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் எடுத்துக்கொண்டு, இரண்டு நாள் விளக்கக் கடிதங்கள் போயின. 'ஏ', 'தி' என்னும் சுட்டுச்சொற்களின் பயன்பாடு ஓரளவு பிடிபடவே இரண்டு ஆண்டுகள் ஆயின; இன்றும் சில இடங்களில் தவறுகிறேன்.

பேச்சில் தடையாக இருந்தது இலக்கணத்தைவிட அழுத்தம். தமிழில் அசைகளை ஏறக்குறைய ஒரே எடையில் ஒலிக்கிறோம். 'டெவலப்' என்ற சொல்லில் இரண்டாம் அசையை அழுத்தாமல் முதல் அசையை அழுத்திச் சொன்னால், சொல் சரியாக இருந்தும் எதிரே இருப்பவர் ஒரு கணம் திகைக்கிறார். தொலைபேசி உரையாடல்களை, அனுமதி பெற்று, பதிவு செய்து மீண்டும் கேட்டதே இதற்குப் பயன்பட்ட ஒரே வழி.

அடுத்த மொழியைத் தேர்ந்தெடுத்ததில்தான் நான் அதிகம் தவறினேன். அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம் வெளியிட்டுள்ள பட்டியலில், ஜப்பானியத்துக்கு 88 வாரங்களும் 2,200 வகுப்பு மணிநேரமும் தேவை என்று உள்ளது. பிரெஞ்சுக்கு அதில் பாதிகூட வேண்டாம். எளிய மொழியில் தொடங்கலாம் என்று பிரெஞ்சில் சேர்ந்தேன். வகுப்பு நன்றாகவே இருந்தது. வகுப்புக்கு வெளியே அதைப் பேச எனக்கு ஒருவரும் இல்லை. புதுச்சேரியில் வேலை பார்ப்பவராக இருந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம். ஜெர்மனையும் ஒரு திட்டத்துக்காகப் படித்தேன். அத்திட்டம் கைவிடப்பட்டதும் மொழியும் நின்றுபோனது.

அந்தப் பட்டியல் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்காகக் கணக்கிடப்பட்டது என்ற எளிய செய்தி, 2014இல் ஜப்பானிய வகுப்பில் உட்கார்ந்த பிறகே எனக்கு உறைத்தது. தமிழைப் போலவே ஜப்பானியத்திலும் வினை கடைசியில் வருகிறது. வேற்றுமை உருபைப் போன்ற இடைச்சொல் பெயருக்குப் பின்னால் ஒட்டுகிறது. 'நேற்று வாங்கிய புத்தகம்' என்பது பெயரெச்சத்தோடு அதே வரிசையில் அங்கேயும் அமைகிறது. 'தபேதே மிரு' என்பதற்குச் சொல்லுக்குச் சொல் 'சாப்பிட்டுப் பார்' என்பதே பொருள். ஆங்கிலப் பாடநூல் அதை விளக்க அரைப் பக்கம் எடுத்துக்கொண்டிருந்தது! 'வாங்கி வை' என்பதில் உள்ள 'வை'யும் அவ்வாறே, வைத்தலைக் குறிக்கும் 'ஒகு' என்ற வினையாக அங்கே வருகிறது. 'கோரே, சோரே, அரே' என்பவை இது, உது, அது. இந்த 'உது' யாழ்ப்பாணத்தார் பேச்சில் இன்றும் உயிரோடு இருக்கிறது. தமிழும் ஜப்பானியமும் உறவுடையவை என்று வாதிட்ட ஜப்பானிய மொழியியலாளர் சுசுமு ஓனோவின் கருத்தை மொழியியலாளர் பெரும்பாலோர் ஏற்கவில்லை. கற்பவனுக்கு அந்த வழக்கு முடியும்வரை காத்திருக்க அவசியமில்லை; வாக்கிய ஒழுங்கு ஒத்திருப்பதே போதும். நான் செய்த தவறு, ஒவ்வொரு வாக்கியத்தையும் முதல் ஓராண்டு ஆங்கிலத்தின் வழியாகப் புரிந்துகொண்டது.

ஆனால் கன்ஜி எனப்படும், சீனத்திலிருந்து ஜப்பானியத்துக்கு வந்த எழுத்துகளுக்குத் தமிழ் எந்த உதவியும் செய்யாது. அன்றாடப் பயன்பாட்டுக்கென ஜப்பானிய அரசு வகுத்த பட்டியலில் 2,136 எழுத்துகள் உள்ளன. பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் அவற்றில் பாதிக்கு மேல் எனக்குத் தடுமாற்றமே. ஆன்கி என்னும் நினைவட்டைச் செயலியில் நாள்தோறும் இருபது நிமிடம் செலவிட்டதால் இவ்வளவாவது தங்கியது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: ஆண்டுக்கு இருமுறை நடக்கும் ஜேஎல்பிடி என்னும் ஜப்பானிய மொழித்திறன் தேர்வில் பேச்சுப் பகுதி கிடையாது. 2017 டிசம்பரில் என்3 தேறிய நான், அடுத்த மாதமே ஜப்பானிலிருந்து வந்த தொலைபேசி அழைப்பில் 'சற்றுப் பொறுங்கள்' என்பதைத் தாண்டிப் பேச முடியாமல் நின்றேன். ஆலைக்கு வரும் ஜப்பானியப் பொறியாளர்களோடு மதிய உணவு மேசையில் உட்காரத் தொடங்கிய பிறகே வாய் திறந்தது.

சென்ற ஆண்டு, செவிலியர் படிப்பை முடிக்கவிருந்த என் அண்ணன் மகள், "சித்தப்பா, நானும் ஜப்பானியம் படிக்கட்டுமா?" என்று கேட்டாள். அவள் போக விரும்பியது ஜெர்மனிக்கு. அங்கே செவிலியராக முழு அங்கீகாரம் பெற வழக்கமாக ஜெர்மன் மொழியில் பி2 நிலை (ஏ2வுக்கு இரண்டு படி மேலே) கேட்கிறார்கள். ஜப்பானியத்தின் மீது எனக்குள்ள பற்றைப் பேச்சில் காட்டாமல், ஜெர்மனிலேயே சேரச் சொன்னேன். சேர்ந்த மூன்றாம் வாரம் தொலைபேசியில் அழைத்து, "மேசை ஆண்பாலாம், சிறுமி அஃறிணையாம், இதென்ன நியாயம்?" என்று சண்டைக்கு வந்தாள். சிறுமியைக் குறிக்கும் 'மேட்ஷென்' என்பதன் இறுதியில் உள்ள 'ஷென்' சிறுமைப் பொருள் தரும் விகுதி என்றும், அது ஒட்டிய பெயரெல்லாம் அந்தப் பாலுக்கே போய்விடும் என்றும் என் பழைய ஏ2 குறிப்பேட்டை எடுத்துப் படித்துக் காட்டினேன்.