மதுவுக்கு வரியை ஏற்றுவதா, அடிமட்ட விலை வைப்பதா?

சுங்கை சிப்புட் பக்கம் சம்பள நாள் சாயங்காலம் யார் எதை வாங்குகிறார்கள் என்று கவனியுங்கள். பீர் வாங்குபவர் ஒரு டின்னோடு போவார். மூக்குமுட்டக் குடிக்க நினைப்பவர் சம்சு என்ற மலிவுச் சாராயப் போத்தலைத்தான் தேடுவார். காசுக்கு அதிக போதை அதில்தானே!

மலேசியாவில் 2016 முதல் கலால் வரி மதுச்சத்தின் அளவுப்படி. சுத்த ஆல்கஹால் லிட்டருக்கு பீருக்கு 175 ரிங்கிட் என்று வைத்தார்கள். சம்சுவுக்கு அதைவிடக் குறைவு. தலைகீழ் கணக்கு. பிறகு 2025 நவம்பரில் வரி 10 சதவீதம் கூடியது. பணம் அரசாங்கத்துக்கு வரும், சரி. ஆனால் வரி ஏறினால் கடத்தல் சரக்குக்குக் கொண்டாட்டம்.

அடிமட்ட விலை வேறு மாதிரி: அதற்குக் கீழே யாரும் விற்கக்கூடாது. ஸ்காட்லாந்து 2018 மே மாதம் 10 மில்லி சுத்த ஆல்கஹாலுக்கு 50 பென்ஸ் என வைத்து, 2024-இல் 65 ஆக்கியது. நம் ஊரில் அதே 10 மில்லிக்கு 1 ரிங்கிட் என்று வைத்துப் பாருங்கள்: 5 சதவீத பீர், 320 மில்லி டின், 1.60, விலை அசையாது. 35 சதவீதச் சரக்கு, 700 மில்லி போத்தல், 24.50-க்குக் கீழே போகாது. அடி விழுவது மலிவுச் சரக்குக்கு மட்டும்தான்.

ஸ்காட்லாந்தில் மதுவால் நேரும் சாவுகள் சுமார் 13 சதவீதம் குறைந்ததாகப் பொதுச் சுகாதாரத் துறை கணித்தது. குடிக்கு அடிமையானவர்களில் சிலரோ சாப்பாட்டுக் காசைக் குறைத்துக்கொண்டார்கள். கூடுதல் லாபமும் கடைக்காரருக்கே.

எனக்கு அடிமட்ட விலைதான் சரி, சம்சு வரியையும் சேர்த்து ஏற்றினால். ஆனால் 2018-இல் சிலாங்கூரில் மெத்தனால் என்ற விஷம் கலந்த கள்ளச்சரக்கு பலரைக் கொன்றது. கள்ளச்சரக்கு விற்பவனைப் பிடிக்காமல் எந்த விலையை ஏற்றினாலும் ஆபத்துதான்.