கோடையில் செஞ்சியா, திருவக்கரையா?

பாறை ஓணான் பார்க்க செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலைதான். சித்திரை, வைகாசியில் காலை 7 முதல் 9 மணிக்குள் ஆண் ஓணான் உருண்டைப் பாறையின் உச்சியில் வெயில் காயும். இனப்பெருக்கக் காலத்தில் முதுகு செம்மஞ்சளாகவும் பக்கவாட்டில் கறுப்பாகவும் மாறும். 10 மணிக்குமேல் கருங்கல் கொதிக்கும். ஓணான் இடுக்குக்குள் போய்விடும், ஏறுபவருக்கும் தலை சுற்றும். ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர் வேண்டும். குரங்குகள் பறிக்கும் என்பதால் தின்பண்டத்தைக் கையில் ஏந்தாதீர்கள். விரிசலுக்குள் கைவிடவே கூடாது, சுருட்டை விரியன் இருக்கலாம்.

கல்லே முக்கியம் என்றால் திருவக்கரை. சுமார் 2 கோடி ஆண்டு பழைய கல்மரங்கள் (கல்லாக மாறிய மரங்கள்), அதுவும் சமதரையில்! கிளையும் வேரும் இல்லாததால், வெள்ளம் அடித்துவந்தவை என்கிறார்கள் நிலவியலாளர்கள். சில்லு எடுப்பதும் குற்றம்.

குழந்தைகளோடு என்றால் திருவக்கரையே மேல்.