கஷ்டம் வந்தால் எதை விற்பார்கள்?

சென்னை ஜி.பி. ரோட்டில் புல்லட்டுக்கு எந்தச் சாமான் கேட்டாலும் கடைக்காரர் யோசிப்பதே இல்லை. என் பழைய வண்டிக்குப் பிளாட்டினம் பாயின்ட் கேட்டேன். காதில் இருந்த போனைக்கூட எடுக்காமல் மேஜையில் எடுத்துப் போட்டார். அதே வாரம் என் நண்பர் ஒருவர் தன் வெளிநாட்டு பைக்கின் கிளட்ச் லீவருக்காக நான்காவது மாதமாகக் காத்திருந்தார். எந்த பிராண்ட் என்று கேட்காதீர்கள். "கம்பெனி கைமாறுது சார், அதான் லேட்" என்றார்களாம். கம்பெனி யார் கைக்குப் போனால் நமக்கென்ன என்று நினைத்தவன்தான் நானும். அந்த லீவர் யோசிக்க வைத்தது. பைக் கம்பெனியை வாங்கிய முதலாளிக்குக் கஷ்டம் வந்தால் எதை விற்பார்? மூன்று கதை பார்ப்போம்.

முதலில் இத்தாலிய பைக் கம்பெனி டுகாட்டி. 2012-இல் இதை வாங்கியது ஜெர்மன் கார்க் கம்பெனி ஆடி. தன் கையில் இருந்த லம்போர்கினி மூலமாக. ஆடித் தள்ளுபடி எல்லாம் இல்லை, விலை சுமார் 86 கோடி யூரோ என்று அப்போது செய்தி வந்தது. வாங்கிய பிறகு கார்க்காரர்கள் பைக்கில் அதிகம் கை வைக்கவில்லை. தொழிற்சாலை போலோன்யாவிலேயே இருந்தது. ரேஸில் பொறுமையாகக் காசு போட்டார்கள்: 2007-இல் ரேஸ் வீரர் ஸ்டோனர் வாங்கித் தந்த மோட்டோ ஜிபி உலகப் பட்டம், 2022-இல் பன்யாயா என்ற வீரர் மூலம்தான் திரும்பி வந்தது. எஞ்சின் வால்வை ஸ்பிரிங் இல்லாமல் தனிக் கையால் இழுத்து மூடும் டெஸ்மோ அமைப்பு டுகாட்டியின் குலதெய்வம் மாதிரி. மல்டிஸ்ட்ராடா வி4 மாடலில் அதையே விட்டுவிட்டு ஸ்பிரிங்குக்கு வந்தார்கள். வால்வு செக் 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை என்றானது. பக்தர்கள் முகம் சுளித்தார்கள். சர்வீஸ் பில் கட்டுகிறவன் ஏன் சுளிக்கப்போகிறான்?

ஆனால் டீசல் கார்ப் புகை மோசடி விவகாரத்தில் ஆடியின் தாய்க் கம்பெனியான ஃபோக்ஸ்வாகன் குழுமம் மாட்டிக்கொண்டதும், 2017-இல் டுகாட்டியை விற்றுவிடலாமா என்ற பேச்சு வந்தது. தொழிலாளர் தரப்பின் எதிர்ப்பும் சேர்ந்து அது நடக்காமல் போனது. மயிரிழையில் தப்பியது என்றே சொல்வேன்.

இன்னொரு இத்தாலிய பைக் கம்பெனியான எம்.வி. அகுஸ்டாவுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. மலேசியாவின் கார்க் கம்பெனி புரோட்டான் 2004 கடைசியில் 7 கோடி யூரோ கொடுத்து 57.75 சதவீதப் பங்கை வாங்கியது. ஓராண்டு கழிந்ததும் கடனோடு சேர்த்துத் தள்ளிவிட்டது. விலை 1 யூரோ. நம்மூரில் அந்தக் காசுக்கு நாலைந்து பேர் டீ குடிக்கலாம். புரோட்டானின் ஆலோசகராக இருந்த முன்னாள் பிரதமர் மகாதீரே இந்த விற்பனை பற்றிப் பகிரங்கமாகக் கேள்வி கேட்டார். பிறகு ஹார்லி வாங்கி விற்றது, மெர்சிடிஸ்-ஏஎம்ஜி 25 சதவீதத்தோடு வந்து போனது. இத்தனை கை மாறினால் சாமான் எப்படி ஒழுங்காக வரும்?

மூன்றாவது நம் திருவொற்றியூர் கதை. ஐஷர் கார்க் கம்பெனி அல்ல, டிராக்டரும் லாரியும் செய்தது. 1990-இல் புல்லட் செய்யும் என்ஃபீல்டில் கால் வைத்து, 1994-இல் முழுதாகச் சேர்த்துக்கொண்டது. என்ஃபீல்டு லாபமில்லாத கம்பெனி, 2000 வாக்கில் மூடலாமா விற்கலாமா என்ற நிலை. ஐஷர் முதலாளி வீட்டுப் பிள்ளை சித்தார்த்த லால் அவகாசம் கேட்டு வாங்கினார். 2005-இல் ஐஷர் விற்றது புல்லட்டை அல்ல, வீட்டுக்குச் சோறு போட்ட டிராக்டரை. வாங்கியதும் சென்னையின் டிராக்டர் கம்பெனி டாஃபே. மூன்று கைமாற்றத்தில் இது ஒன்றில்தான் முதலாளி தன் சொந்தச் சாமானை விற்றுவிட்டு பைக்கை வைத்துக்கொண்டார். என் ஓட்டு ஐஷருக்கே.

அவர்களும் சம்பிரதாயத்தை விட்டுவைக்கவில்லை. டிகம்ப்ரஸரை அமுக்கி, ஆம்பியர் முள் நடுவுக்கு வந்ததும் உதைக்கிற வித்தை எல்லாம் போய் பட்டன் வந்தது. வலது காலில் இருந்த கியர் இடதுக்குப் போனது. புதுப்பேட்டையில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் இன்றைக்கும் அதை "பொம்பள வண்டி" என்பார். அவர் மகள் ஓட்டுவது அதைத்தான்.

டிவிஎஸ் 2020-இல் 1.6 கோடி பவுண்டுக்கு வாங்கிய பிரிட்டிஷ் பைக் கம்பெனி நார்ட்டன் எப்படி? டிவிஎஸ்ஸுக்கு அப்படியொரு நெருக்கடி இன்னும் வரவில்லை, அதனால் மதிப்பெண் போட மாட்டேன். போன வாரம் ஜி.பி. ரோட்டில் சும்மா கேட்டுப் பார்த்தேன். "வண்டியே ரோட்ல பாக்கல சார், சாமானுக்கு இப்பவே என்ன அவசரம்?" என்றார்.