வேலந்தாவளத்துக்கு இப்பாலும் அப்பாலும்: இரு அரசுகளின் சேவை, ஒரு மதிப்பீடு

பல ஆண்டுகள் கோயம்புத்தூரில் குடியிருந்துவிட்டு, மூன்றாண்டுகளுக்கு முன் மனைவியின் ஊரான கொழிஞ்சாம்பாறைப் பக்கம் குடிவந்தோம். வேலந்தாவளம் சோதனைச்சாவடியைத் தாண்டினால் கேரளம் என்றாலும், சித்தூர் வட்டத்தின் இந்தப் பகுதியில் கடைவீதியில் காதில் விழுவது பெரும்பாலும் தமிழ்தான். மொழி மாறவில்லை, அரசு மட்டும் மாறியது. ஆகவே இரு அரசுகளின் அன்றாடச் சேவையை ஒப்பிட்டுப் பார்க்க இது தோதான இடம்.

வந்த முதல் மாதமே பாடம் கிடைத்தது. குப்பை அனைத்தையும் ஒரே பையில் கட்டி வாசலில் வைத்துப் பழகியவன் நான். பச்சை மேலங்கி அணிந்து வந்த, வீடு வீடாகக் குப்பை சேகரிக்கும் ஹரித கர்ம சேனைப் பெண்கள் இருவர் அந்தப் பையைப் பிரித்து, கழுவாத பால் உறைகளை எடுத்துத் திண்ணையில் வைத்து, கழுவிக் காயவைத்துத் தந்தால்தான் எடுப்போம் என்று சொல்லிவிட்டு, மாதக் கட்டணம் ஐம்பது ரூபாயையும் வாங்கிக்கொண்டு சென்றனர். அன்று எரிச்சலாக இருந்தது. இன்று எங்கள் கொல்லைக் கொடியில் துணிகளுக்கு நடுவே பால் உறைகளும் காய்கின்றன.

இந்தக் கண்டிப்புக்குப் பின்னால் இருப்பது ஊராட்சியின் அளவு என்பது என் கணிப்பு. தமிழ்நாட்டில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகள் உள்ளன. கேரளத்திலோ 941 மட்டுமே. ஒவ்வொன்றிலும் சராசரியாக இருபதாயிரத்துக்கும் அதிகமானோர் வசிப்பதால், அலுவலகத்தில் போதிய ஊழியர்கள் இருக்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையமும் தொண்ணூறுகளிலேயே ஊராட்சியின் பொறுப்புக்கு வந்துவிட்டது. கிராம சபையும் இங்கே வார்டுவாரியாகக் கூடுகிறது என்பதால், தெருவிளக்கு எரியவில்லை என்பதை எழுந்து சொல்பவரின் முகம் உறுப்பினருக்குத் தெரிந்த முகமாக இருக்கிறது.

மருத்துவத்தில் எதை உயர்த்திச் சொல்வது என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. கோவையில் இருந்தபோது என் தாயாருக்கு இரத்த அழுத்த மாத்திரை, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வழியாக வீட்டுக்கே வந்தது. அந்தத் தன்னார்வலர் ஒரு மாதமும் தவறியதில்லை. இங்கு வந்தபின் பக்கவாதத்தால் அம்மா படுத்த படுக்கையானார். நோய்த்தணிப்புச் சிகிச்சைக்கெனக் கேரளம் 2008இலேயே தனிக் கொள்கை வகுத்திருந்ததன் பயனை அப்போதுதான் உணர்ந்தோம். ஊராட்சியின் செவிலியர் வீடு தேடி வந்து படுக்கைப்புண்ணுக்குக் கட்டுப்போட்டதோடு நில்லாமல், அம்மாவை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எப்படிப் புரட்டிப் படுக்கவைப்பது என்பதை என் மனைவியின் கையைப் பிடித்துக் கற்றுக்கொடுத்தார். மாத்திரையை வாசலில் கொடுப்பதும் பெரிய சேவைதான். எனினும் படுக்கையறை வரை வந்த அந்தச் சேவைக்கே என் வாக்கு.

போக்குவரத்தில் அப்படியே தலைகீழ். என் மகள் வேலைக்குக் கோவைக்குத்தான் போகிறாள். இந்தப் பக்கத்து இளைஞர்கள் பலரும் அப்படியே. உக்கடத்தில் இறங்கி நகரப் பேருந்து மாறினால் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை. கேரள எல்லைக்குள்ளோ ஏறி அமர்ந்தாலே பத்து ரூபாய், அதுவும் எங்கள் வழித்தடத்தில் இரவு எட்டு மணிக்கு மேல் பேருந்து கிடைப்பது அரிது. பல இரவுகளில் நான் இருசக்கர வாகனத்தை எடுத்துக்கொண்டு எல்லையில் காத்திருந்திருக்கிறேன். மின்கட்டணத்திலும் இழப்புத்தான்: தமிழ்நாட்டில் இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாக இருந்தது, இங்கு அந்தச் சலுகை இல்லை.

வாடகை கோவையில் கொடுத்ததில் பாதிகூட இல்லை என்பதால் நண்பர்கள் சிலர் இங்கே வீடு பார்த்துத் தரக் கேட்கிறார்கள். அவர்களிடம் தண்ணீரைப் பற்றி மட்டும் தவறாமல் சொல்லிவிடுவேன். கோவையில் நாங்கள் குடித்த சிறுவாணித் தண்ணீர், பாலக்காடு மாவட்டத்து அணையிலிருந்து வருவது. அதே மாவட்டத்தின் கிழக்கு ஓரமான இந்த மழைமறைவுப் பகுதியிலோ மார்ச் பிறந்தால் லாரித் தண்ணீருக்குக் குடங்கள் வரிசையில் நிற்கும். வீடு பார்க்க வருபவர்கள் கோடையில் வந்து, கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுப்பது நல்லது.